இரண்டாவது சத்தம்

பாளையங்கோட்டையில் ஆனி மாதக் காற்று ஆளைத் தள்ளும். மேற்கே மலையில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும். அதன் ஈரம் இங்கே வந்து சேராது, வேகம் மட்டும் வந்து சேரும். அப்படி ஒரு புதன்கிழமை காலையில், எதற்காக வாசலுக்கு வந்தோம் என்று தெரியாமல் ஹெப்ரான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது.

டிங்கர் வன்னியராஜ்.

“அண்ணாச்சி, வண்டி முடிஞ்ச மாதிரிதான். கண்ணாடி போட்டாச்சு, மட்கார்டு மாட்டியாச்சு, பெயிண்டும் அடிச்சாச்சு. பானட் ஒண்ணுதான் பாக்கி.”

“சரி.”

“அதைச் செட் பண்ண ரெண்டு ஆளு வேணும். நீங்க வந்து ஒரு கை பிடிக்கணும்.”

“ஒன் பட்டறையில ஆளு இல்லையா?”

“இருக்கான். அவனை இன்னைக்கி வராண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க வாங்க.”

ஏன் என்று ஹெப்ரான் கேட்கவில்லை. இந்த ஐந்து மாதமாக யார் எதைச் சொன்னாலும் அதைச் செய்துகொண்டிருந்தார். சபையார் ஜெபத்துக்குக் கூப்பிட்டால் போனார். பள்ளிக்கூடத்தில் லீவு போடச் சொன்னார்கள், போட்டார். திரும்பி வரச் சொன்னார்கள், வந்து அலுவலக அறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ்களை எழுதினார். எழுத்து முன்பு போலவே முத்து முத்தாக இருந்தது. அடுத்த தெரு சாரம்மாள் தூக்குவாளியில் கொண்டுவந்து வைக்கிற சோற்றைத் தின்றார். அது சாம்பாரா புளிக்குழம்பா என்று மறுநாள் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஐம்பத்தேழு வயது. அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பெட்டியை இறக்கியபோதுகூட கல்லறைத் தோட்டத்துச் சுவரில் யாரோ எழுதிவைத்திருந்த போன் நம்பரைப் படித்துக்கொண்டு நின்றார். அந்த நம்பர் இப்போதும் அவருக்கு மனப்பாடம்.

தை மாதக் கடைசியில் நடந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் மனைவி ரீபாவின் தங்கை புதுவீடு கட்டியிருந்தாள். வீட்டுப் பிரதிஷ்டைக்குப் புருசனும் பெண்சாதியும் காரில் கிளம்பினார்கள். கறுப்பு அம்பாசடர், எழுபத்திரண்டாம் வருஷத்து வண்டி, ஹெப்ரானின் அப்பா தேவசிகாமணி வாங்கியது. வீரவநல்லூரைத் தாண்டி ஒரு லாரி எதிரே வந்து கடந்தது. அந்தக் காற்றில் பானட் படாரென்று எழும்பிக் கண்ணாடியில் அறைந்து மூடிக்கொண்டது. முன்னால் ரோடு இல்லை, வானம் இல்லை, கறுப்புத் தகரம் மட்டும்தான் இருந்தது. ஹெப்ரான் பிரேக்கை மிதித்தார். வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மருதமரத்தில் மோதியது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் ரீபா. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் ஸ்டெபி காரியமெல்லாம் முடிந்து போகும்போது, “அந்த வண்டி இனிமே என் கண்ணுல படக்கூடாதுப்பா” என்றாள். போலீஸ் ஸ்டேஷனில் நின்ற வண்டியை மீட்டு வன்னியராஜ் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். சாத்தான்குளத்தில் கல்யாண ஊர்வலங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிற செந்தூர்பாண்டி என்பவர், சரி பண்ணிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சனிக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் வன்னியராஜின் பட்டறை. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் அவன் வீடு. காற்றுக்குக் கொட்டகைத் தகரம் ஓயாமல் கடகடத்துக்கொண்டிருந்தது. வன்னியராஜ் நாற்பத்தைந்து வயது ஆள். முன்பு தொந்தியும் தொப்பையுமாக இருந்தவன், இப்போது காக்கிக் கால்சட்டையைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

“வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டியளா?”

“சாப்பிட்டேன்.”

“என்ன சாப்பிட்டிய?”

ஹெப்ரான் யோசித்தார். “சாப்பிட்டேன்” என்றார் மறுபடியும்.

வன்னியராஜ் வண்டிப் பக்கம் திரும்பினான்.

வண்டி புதுசு மாதிரி நின்றது. முன்பக்கம் மட்டும் திறந்து எஞ்சின் தெரிந்தது. பானட்டைச் சாக்கு விரித்துத் தரையில் படுக்கப் போட்டிருந்தான். மதுரையில் உடைக்கிற வண்டிகளுக்கு நடுவே தேடி எடுத்த வேறு ஒரு வண்டியின் பானட். மேலே கறுப்பு அடித்திருந்தது. உள்பக்கம் அதன் பழைய பச்சை அப்படியே இருந்தது.

“இது வேற வண்டிக்குப் பொறந்தது. இந்த வண்டி ஒடம்பும் இடி வாங்குன ஒடம்பு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரணும்னா நேரம் பிடிக்கும். அவசரம் இருக்கா ஒங்களுக்கு?”

“இல்ல.”

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஹெப்ரானின் இடது தோளுக்குள் ஊசி போல ஒன்று இறங்கியது. முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு பக்கமும் இருந்த கீல்களில் வன்னியராஜ் போல்ட்டுகளைக் கையால் திருகி, ஸ்பானரால் அரைச்சுற்று மட்டும் இறுக்கினான்.

“முழுசா முறுக்கப்படாது. நகரணும். இப்பம் பைய இறக்குங்க. பைய, பைய. விட்றாதிய.”

இறக்கினார்கள். வன்னியராஜ் குனிந்து ஒரு கண்ணை மூடி, பானட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஓடுகிற இடைவெளியைப் பார்த்தான். காதில் சொருகியிருந்த பீடியை எடுத்து இடப்பக்க இடைவெளியில் விட்டான். அது தாராளமாகப் போய்வந்தது. வலப்பக்கம் வந்து வைத்தான். பீடி நசுங்கியது.

“அந்தப் பக்கம் பீடி போகுது. இந்தப் பக்கம் பிளேடு போகாது. தூக்குங்க.”

தூக்கினார்கள். போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் கீலை ஒரு தட்டுத் தட்டினான். மறுபடி இறக்கினார்கள். இப்போது பக்கவாட்டில் சரியாக இருந்தது, பின்பக்கம் கண்ணாடி ஓரத்தில் ஒரு மூலை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதைச் சரிசெய்தால் முன்மூக்கு கிரில்லைத் தாண்டி நீட்டிக்கொண்டது. ஒரு மூலையைப் பிடித்தால் இன்னொரு மூலை பிடுங்கிக்கொண்டு போகிற வேலை அது. ஹெப்ரானுக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. பிடிக்காமலும் இல்லை. தூக்கு என்றால் தூக்கினார், இறக்கு என்றால் இறக்கினார்.

ஏழாவதோ எட்டாவதோ தடவை தூக்கியபோது காற்று உள்ளே புகுந்து பானட்டைப் பாய்மரம் போல இழுத்தது. வன்னியராஜின் கையிலிருந்து ஸ்பானர் விழுந்தது. ஹெப்ரான் இடது கையால் எட்டிப் பிடித்து, முழுக் கனத்தையும் அந்தத் தோளில் வாங்கிக்கொண்டு நின்றார். நெற்றி வேர்த்துவிட்டது.

“வலிக்கா அண்ணாச்சி?”

“வலிக்கு” என்றார், பஸ் வந்துவிட்டது என்று சொல்வது போல.

வன்னியராஜ் முட்டுக்கம்பியைக் கொடுத்துப் பானட்டை நிறுத்தினான். பிறகு அவரைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் திரும்பி, “வடிவு, ரெண்டு காப்பி” என்று சத்தம் கொடுத்தான்.

அவன் பெண்சாதி சுடலைவடிவு இரண்டு டம்ளரில் கொண்டுவந்து வைத்தாள். “வாங்க அண்ணாச்சி” என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்தவள் புருசன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர்கள் மகள் நித்யாவுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவள் ரீபா.

ஹெப்ரான் காப்பியை ஊதாமல் குடித்தார். வன்னியராஜ் டம்ளரைத் தொடாமல் டயர் மேல் உட்கார்ந்தான்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் அந்தப் பயல வராண்டாம்னேன்.”

“சொல்லு.”

“மார்கழில இந்தப் பானட்டச் செட் பண்ணிக் குடுத்தது நான்தான். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“பானட் ஓரத்துல புது ரப்பர் போட்டேன். புது ரப்பர் மேல தூக்கும். கீலுக்கடியில ரெண்டு வாஷரை உருவியிருந்தேன்னா, பானட் அது பாட்டுக்கு வந்து லாக்குல விழுந்திருக்கும். சோலி நெறைய கெடந்துது. கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும், நல்லா அழுத்தி அடைங்க, மொதல்ல ஒரு சத்தம் கொக்கில விழும், அப்புறம் அழுத்துனா ரெண்டாவது சத்தம், ரெண்டும் கேட்டாத்தான் அடைச்சதா அர்த்தம்னு ஒங்ககிட்ட வாயால சொல்லி அனுப்பிட்டேன். வாயால சொல்லுததா வேல?”

காற்று தகரத்தை அடித்தது. அவன் அது ஓயும்வரை பொறுத்துக்கொண்டான்.

“அந்தக் கொக்கியும் தேஞ்ச கொக்கி. அதையும் பாத்தேன். மாத்தல. அன்னையிலேருந்து நான் ஒரு பானட்டத் தொடல. வந்தா அசன் மைதீன் பட்டறைக்கு அனுப்பிருதேன். சோத்துல கைய வச்சா டீச்சர் மொகம்தான் வருது. நாலு தடவ ஒங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். நீங்க செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நின்னிய. வந்து என்னன்னு சொல்ல? நான்தான் கொன்னேன்னா?”

ஹெப்ரானுக்கு இது புதுச் செய்தி இல்லை. மாசி மாதமே அசன் மைதீன் அவரை வழியில் நிறுத்தி, “அந்த வன்னியராஜ் ஆளே பாதியாயிட்டான் வே, தன்னாலதான் போச்சுங்கான், ஒரு வார்த்த நீரு போய்ச் சொல்லும்” என்றார். ஹெப்ரான் சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அடுத்த நாளும் ஊற்றினார். போகவில்லை.

இப்போதும் அவர் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பானட்டின் உள்பக்கத்துப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வன்னியராஜ் எழுந்தான். கீல்களை மறுபடி தளர்த்தி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வாஷர் உருவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். புதுக் கொக்கி, புது ஸ்பிரிங். எல்லாப் போல்ட்டையும் முழுசாக முறுக்கினான். பானட்டைப் பாதிவரை இறக்கிப் பிடித்துக்கொண்டு, “நீங்கதான் மொதல்ல அடைக்கணும். அடைங்க” என்றான்.

ஹெப்ரான் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் தகரத்தின் மேல் வைத்தார். வெயிலில் அது சுட்டது. பைய இறக்கினார்.

டொக்.

கொக்கியில் விழுந்த முதல் சத்தம். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“இன்னும் அழுத்துங்க.”

அவர் அழுத்தவில்லை.

“இந்தச் சத்தந்தான் கேட்டுது” என்றார்.

“என்னது?”

“இதோட நின்னுட்டு. ரெண்டாவது சத்தம் கேக்கல. எனக்கு அது தெரியும் வன்னியராசு. அன்னைக்கி அடைச்சது நான் இல்ல. ரீபா.”

வன்னியராஜ் பானட்டிலிருந்து கையை எடுத்தான்.

ஹெப்ரான் தகரத்தைப் பார்த்தபடியே சொன்னார். சேரன்மகாதேவி தாண்டினதும் எஞ்சின் சூடு ஏறிவிட்டது. கன்னடியன் வாய்க்கால் ஓரம் நிறுத்தி, பாட்டிலில் தண்ணீர் கோரி ரேடியேட்டரில் ஊற்றினேன். கை கழுவ மறுபடி வாய்க்காலில் இறங்கினேன். அவள் தானாக வண்டியை விட்டு இறங்கி வந்து பானட்டை அடைத்தாள். அழுத்தி அடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, நான் அவளிடம் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஏறி வண்டியை எடுத்தேன்.

சொல்லி முடித்தபோது அவர் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. தபாலில் வந்த கடிதத்தை வாசித்துக் காட்டியது போல இருந்தது.

வன்னியராஜ் மெதுவாகத்தான் பேசினான். ‘நீங்க’ என்பது போய்விட்டிருந்தது.

“அஞ்சு மாசம்.”

“ஆமா.”

“நான் இப்பிடி அலையுதேன்னு ஒமக்குத் தெரியுமா வே?”

“தெரியும். அசன் மைதீன் சொன்னாரு.”

“தெரிஞ்சும் வாயத் தொறக்கல.”

“தொறக்கல.”

“ஏன்?”

“அவ பேரச் சொல்லணும்லா. அவதான் சரியா அடைக்கலன்னு நான் சொல்லணும்லா.”

“அவ்வோ பேரைக் காப்பாத்த நான் சாவணுமா?” வன்னியராஜின் கன்னம் துடித்தது. “நீரு படிச்ச ஆளு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கோயில்ல நின்னு பாட்டுப் படிக்கிற ஆளு. எம்மேல ஒரு பாரத்த ஏத்திவச்சிட்டு, நீரு பாட்டுக்குச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்கீரு.”

ஹெப்ரான் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவன் வெளியே போய்க் கேட் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். திருச்செந்தூர் ரயில் கடந்து போனது. திரும்பி வந்து பானட்டை விடுவித்து உயர்த்தினான். இரண்டு சாண் உயரத்திலிருந்து ஒற்றைக் கையால் விட்டான். டொக், டக் என்று இரண்டு சத்தமும் ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று விழுந்தன. திறந்தான், விட்டான். திறந்தான், விட்டான். பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பிறகு பீடியை எடுத்து நாலு பக்கமும் ஓட்டிப் பார்த்தான். நாலு பக்கமும் ஒரே மாதிரி, நசுங்காமலும் ஆடாமலும் போனது.

“வேல முடிஞ்சுது” என்றான். “எங்கிட்டச் சொன்னது பத்தாது. வாரும், எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லும். என்னைய வச்சிக்கிட்டுச் சீரழிஞ்சது அவதான்.”

ஹெப்ரான் பின்னால் போனார்.

சுடலைவடிவு முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்து மடியில் மூங்கில் சொளகுத் தட்டு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஈரத்துணியில் வெட்டி அடுக்கிய இலை, கிண்ணத்தில் தூள். காற்றுக்குத் தூள் பறக்காமலிருக்க ஜன்னலை அடைத்திருந்ததால் அறை புழுங்கியது. வன்னியராஜ் வாசல்நிலையில் சாய்ந்து நின்றுகொண்டான். ஹெப்ரான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, கொட்டகையில் சொன்னதை இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். அவள் கை நிற்கவில்லை. இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“அப்பம் இவ்வோ மேல தப்பு இல்ல” என்றாள் முடிவில்.

“இல்லம்மா.”

அவள் புருசனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி இலையை எடுத்தாள்.

“ஒண்ணு கேக்கட்டா அண்ணாச்சி?”

“கேளு.”

“ஒரு சத்தந்தான் கேட்டுதுன்னு சொல்லுதிய. அங்கனயே, ஏட்டி சரியா விழலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? இல்லைன்னா நீங்களே போய் ஒரு அமுக்கு அமுக்கியிருக்கலாம்லா?”

ஐந்து மாதமாக வேறு யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. கேட்க ஆள் இல்லை, விஷயம் தெரிந்தால்தானே கேட்பார்கள்.

“நாங்க பேசல” என்றார்.

“என்னது?”

“அன்னைக்கிக் காலையில எனக்கும் அவளுக்கும் சண்ட. எனக்குச் சுகர் இருக்குல்லா. பக்கத்து வீட்டுல குடுத்த பாயாசத்த ரெண்டு வாய் குடிச்சிட்டேன். கிளம்புத நேரத்துல, அந்த வீட்டு மாப்பிள்ள எல்லாரும் நிக்காவ, அவுக முன்னால வச்சி, ‘சின்னப் புள்ள மாதிரி திருடித் தின்னுதிய’ன்னுட்டா. வண்டியில ஏறுனதுலேருந்து நான் வாயத் தொறக்கல. பேட்டையில ஏதோ கேட்டா, பதில் சொல்லல. வாய்க்கால் கரையிலயும் பேசல. சரியா விழலன்னு சொன்னா நான்தான மொதல்ல பேசுன மாதிரி ஆவும். அம்பை போனதும் எப்பிடியும் டீ குடிக்க நிறுத்துவோம், அப்ப எறங்கி நானே அமுக்கிக்கிடலாம்னு நெனச்சேன்.”

சுடலைவடிவின் கை நின்றது.

வாசல்நிலையில் சாய்ந்திருந்த வன்னியராஜ் நிமிர்ந்தான். அவன் முகத்தில் இருந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

“பாயாசத்துக்கா” என்றான்.

“ஆமா.”

அவள் சொளகை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தாள்.

“டீச்சரக்கா பானட்ட அடைச்சிட்டு ஒண்ணுமே சொல்லலையா?”

“‘அடைச்சிட்டேன், ஏறுங்க’ன்னா.”

“அப்பம் அக்கா பேசிட்டாவல்லா.”

ஹெப்ரான் அவளைப் பார்த்தார்.

“வண்டிக்குள்ள உக்காந்திருந்தவ்வோ தானா எறங்கி வந்து, ஒங்களுக்கு ஒத்தாசையா அத அடைச்சி, ஏறுங்கன்னும் சொல்லியிருக்காவல்லா. அவ்வோ சண்டைய அந்த வாய்க்கால் கரையிலயே முடிச்சிட்டாவ அண்ணாச்சி. நீங்கதான் முடிக்கல.”

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள். மடியில் கிடந்த ஹெப்ரானின் வலது கை தானாக ஆடத் தொடங்கியது. அதை இடது கையால் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின. ரீபாவின் அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்துகொண்டிருந்ததே தவிர அது ஒரு சமாதானம் என்று இந்த ஐந்து மாதத்தில் ஒரு நாளும் தோன்றியதில்லை. ஏறுங்க. அதற்குப் பிறகு மரம் வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவள் பேசின கடைசி வார்த்தை.

சுடலைவடிவு எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவரால் வாங்க முடியவில்லை. வன்னியராஜ் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, செம்பைப் பிடித்து அவர் வாயில் வைத்தான். பாதி சட்டையில் கொட்டியது.

“போதும் அண்ணாச்சி. போதும். இரிங்க” என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு ஒரு போன் போடணும்” என்றார் ஹெப்ரான். “கையி நிக்க மாட்டேங்கு. ஸ்டெபிக்குப் போட்டுத் தா.”

வன்னியராஜ் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பேரைத் தேடி அழுத்தி, அவர் காதருகே பிடித்துக்கொண்டான். மூன்று தடவை மணி அடித்ததும் எடுத்துவிட்டாள். பின்னால் அலுவலகத்துச் சத்தம் கேட்டது.

“அப்பா? என்னப்பா இந்நேரம்? வண்டி முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டும்மா. அது சொல்லக் கூப்பிடல. ஒங்கம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும். வாய்க்கால் கரையில வண்டிய நிறுத்தியிருந்தோம். அம்மா எறங்கி வந்து பானட்ட அடைச்சிட்டு, ‘அடைச்சிட்டேன், ஏறுங்க’ன்னா. எம்மேல கோவம் இல்லாம சொன்னாம்மா. அதுதான் அவ கடைசியாச் சொன்னது.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. அவள் எங்கேயோ ஒதுக்கமாக நடந்து போவது தெரிந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டு, அலுவலகத்துச் சத்தம் நின்றது.

“அதுக்கு நீங்க என்னப்பா சொன்னிய?”

வன்னியராஜுக்கும் அது கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து எடுத்துவிடலாமா என்று பார்த்தான். ஹெப்ரான் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“ஒண்ணும் சொல்லலம்மா” என்றார். “நான் ஒண்ணும் சொல்லல.”